கண்டியில காணி வாங்கப் போறவங்களுக்கு

“கம்பஸ் முடியக் கண்டிப் பக்கம் ஒரு துண்டுக் காணி வாங்கிப் போடு. விலை இறங்காது.” வெளிநாட்டில இருக்கிற மாமா கோல் எடுக்கும்போதெல்லாம் இதைத்தான் சொல்லுவார். நான் திருகோணமலைப் பிள்ளை, ஜன்னலைத் திறந்தால் துறைமுகம். பேராதனைக்குப் படிக்க வந்த பிறகு ஹந்தானை அடிவாரத்தில ஒரு சின்ன வீட்டுக்கு எனக்கும் ஆசைதான்.

ஆனால் காணி விளம்பரங்களைப் பாருங்கோ. ‘மலைக் காட்சி’ எண்டால் விலை கூட. அந்தப் பச்சைக் காட்சி தானா முளைச்சதா? 1867ல் இதே கண்டி மாவட்டத்தில ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டார் எண்டு படிச்சம். காடு வெட்டினவை, கொழுந்து பறிச்சவை ஒருத்தரின்ட பெயரையும் படிக்கேல்ல.

என்ர பட்ச்சில ஒருத்தி லயத்தில பிறந்தவள். நாலு தலைமுறையா அதே லயக் காம்பரா, பத்துக்குப் பன்னிரண்டு அடி. காணி உறுதி இல்லை. உறுதி இல்லாமல் ஈடு வைச்சுக் கடன் எடுக்க ஏலாது. ஒரு அறை கூட்டிக் கட்டவும் தோட்ட நிர்வாகத்திட்டத்தான் கேட்கோணும்.

1948ல் குடியுரிமையைப் பறிச்சாங்கள். 1972லயும் 1975லயும் தோட்டங்களை அரசு எடுத்தது, மக்களுக்குக் காணி வரேல்ல. 1992ல் நிர்வாகம் கம்பனிகளிட்டப் போனது, அப்பவும் வரேல்ல. 2003ல் மிச்சப் பேருக்கும் குடியுரிமை வந்தது, காணி வரேல்ல. பிறகு வந்த 7 பேர்ச் வீட்டுத்திட்டமும் எல்லாருக்கும் போய்ச் சேரேல்ல.

“வாடகை இல்லாமல் இருக்கினம்தானே?” எண்டு கேக்கிறவைக்கு ஒரு நாள் ஞாபகப்படுத்துறன்: 2014 ஒக்டோபர் 29. கொஸ்லந்தை மீரியபெத்தையில மண் சரிஞ்சு லயங்களை மூடினது. ஆபத்தான இடம் எண்டு முதலே எச்சரிச்சிருந்தாங்கள். வேற காணி இல்லாத சனம் எங்க போறது?

ஹந்தானையில ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையை அருங்காட்சியகம் ஆக்கி வைச்சிருக்கினம். பழைய மெசினுக்கு நிரந்தர இடம் கிடைச்சிட்டுது.

இதில எங்கட பக்கமும் பிழை இருக்கு. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில இருந்து ஓடி வந்தவை எங்கட மாவட்டத்திலயும் குடியேறினவை. எங்கட காணி பறிபோகுது எண்டு கத்துற அதே வாயால அவையைத் ‘தோட்டக்காட்டான்’ எண்டு சொல்லுற ஆக்கள் இண்டைக்கும் எங்கட ஊரில இருக்கினம். காணி உரிமை எங்களுக்கு மட்டும்தான் எண்டால் அதை உரிமை எண்டு சொல்லாதேங்கோ.

அடுத்தமுறை மாமா கோல் எடுத்தால் சொல்லுவன்: கண்டியில வீடு வாங்குறது பிழையில்லை மாமா. ஆனால் அந்த மலையில பிறந்தவளின்ட பெயரில ஒரு உறுதி எழுத வேணும் எண்டு நீங்களும் கேளுங்கோ.