நாய்க்கும் பிறவிக் குற்றமா?

அமெரிக்காவில் டென்வர் என்னும் ஊரின் நகரசபையார் 1989-ம் வருஷத்தில், "பிட்புல்" ஜாதி நாயை ஊர் எல்லைக்குள் எவரும் வைத்திருக்கக் கூடாதென்று ஒரு சட்டம் செய்தார்கள். அதற்கு முன் அங்கு அப்படிப்பட்ட நாய் கடித்து ஒரு குழந்தை செத்தது; பின்னர் ஒரு பெரியவர் படுகாயமடைந்தார். ஜனங்கள் ஆத்திரப்பட்டதில் தப்பில்லை. குழந்தையைப் பறிகொடுத்த ஊர் சும்மாயிருக்குமா? ஆனால் அந்த ஆத்திரத்தில் பிறந்த சட்டம் யாரைப் பிடித்தது? கடித்த நாயையா? இல்லை. கடித்த நாயின் சாயலுள்ள நாய்களையெல்லாம் பிடித்தது!

மூன்று ஜாதி நாய்களின் அங்க அடையாளங்களில் பெரும்பாலானவை ஒரு நாயிடம் காணப்பட்டால் அது பிட்புல்தான் என்பது அச்சட்டத்தின் வியாக்கியானம். தலையையும் தாடையையும் மார்பையும் பார்த்து உத்தியோகஸ்தர் தீர்ப்புச் சொல்வார். இப்படியாக ஆயிரக்கணக்கான நாய்கள் கொல்லப்பட்டன. அதே தெருவில் வேறு ஜாதி நாயை அவிழ்த்து விட்டுப் போகிறவர் வருகிறவர்மேல் பாயவிடும் எஜமானனை இந்தத் தடை தொடவேயில்லை. 31 வருஷம் கழித்து, 2020 நவம்பரில், அவ்வூர் ஓட்டர்களே இத்தடையை எடுத்தெறிந்து, லைசென்சு முறை ஒன்றை ஏற்றுக்கொண்டார்கள்.

இங்கிலாந்துச் சட்டசபையார் 1991-ல் நான்கு ஜாதிகளை விலக்கினார்கள். சர்க்கார் தரப்பார் ஒரு நாயை விலக்கப்பட்ட ஜாதி என்று சொல்லிவிட்டால், அப்படியல்லவென்று நாயை வளர்ப்பவன்தான் ருசுச் செய்ய வேண்டும். 2023 கடைசியில் "எக்ஸ்.எல். புல்லி" என்ற ஜாதியும் சேர்ந்தது. ஜாபிதா நீண்டதே தவிர கடி நின்றபாடில்லை. ஹாலந்துக்காரர்கள் தங்கள் தடையால் கடி குறையவில்லையென்று கண்டு 2008-ல் அதைக் கைவிட முடிவு செய்தார்கள். அவர்களுக்காவது வெட்கப்படத் தெரிந்தது.

"நாய் ஜாதி மனிதன் வேண்டுமென்றே வளர்த்து உண்டாக்கியதல்லவா? அதை மனித ஜாதிக் கற்பனையோடு சேர்க்கலாமா?" என்று சிலர் கேட்கக் கூடும். சரியான கேள்விதான். மனித ஜாதிக்கு இல்லாத ஆதாரம் நாய் ஜாதிக்கு இருக்கிறது. உருவம், பலம் எல்லாம் வளர்ப்பினால் வந்தவை. பெரிய தாடை கடித்தால் காயமும் பெரிது என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் குணம்? 2022-ல் "சயன்ஸ்" பத்திரிகையில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், நாய்க்கு நாய் காணும் குண பேதத்தில் 100-க்கு சுமார் 9 பங்குதான் ஜாதியால் விளங்குகிறதென்று கண்டார்கள். மெய்யாகவே ஜாதி இருக்குமிடத்திலேயே அதன் யோக்கியதை இவ்வளவுதான்!

பின் என்ன செய்வது? அமெரிக்காவில் ஆரிகன் மாகாணத்தைச் சேர்ந்த முல்ட்னோமா ஜில்லாவில் 1986-லேயே வேறு வழி கண்டார்கள். நாய் செய்த காரியத்தைக் கொண்டு படிப்படியாகத் தரம் பிரித்தார்கள். வெளியில் வந்து விரட்டினால் ஒரு தரம், கடித்தால் ஒரு தரம், பலத்த காயமுண்டாக்கினால் அதற்கு மேல். தரத்துக்குத் தக்கபடி கட்டிவைத்தல், வாய்க்கூடு முதலிய நிபந்தனைகள் எஜமானன் தலையில் ஏறும். இதில் முக்கியமானது முதல் படிதான். விரட்டின அன்றே புகார் பதிவானால், கடிக்கும்வரை, ஒரு குழந்தையின் முகம் கிழியும்வரை, காத்திருக்க வேண்டியதில்லை. பணக்காரன் வீட்டு நாயும் ஏழை வீட்டு நாயும் ஒரே கணக்கில் வரும். ஜாபிதா போடுகிறவர்களுக்கு இது பிடிக்காததன் காரணம், இதற்கு ஆட்களும் செலவும் தினசரி வேலையும் வேண்டும். ஜாபிதாவுக்கு ஒரு காகிதம் போதும்.

நம் நாட்டு மத்திய சர்க்காரும் 12-3-2024-ல் அப்படியொரு காகிதம் அனுப்பினார்கள். 23 ஜாதி நாய்களை இறக்குமதி செய்வதையும் இனப்பெருக்குவதையும் விற்பதையும் நிறுத்தச் சொன்னார்கள். கலந்து பேச வேண்டியவர்களைக் கலந்து பேசவில்லையென்று கர்நாடக ஹைக்கோர்ட்டு 10-4-2024-ல் அதை ரத்துச் செய்தது. கலந்து பேசியிருந்தாலும் நமது ஆட்சேபணை தீராது. அந்த 23 பெயர்களை எத்தனை தடவை படித்தாலும், எந்தத் தெருவில், எவன் வீட்டுக் கதவு திறந்து கிடக்கிறது, அவன்மேல் இதற்கு முன் எத்தனை புகார் வந்தது என்பது நம் முனிசிபாலிட்டியாருக்குத் தெரியப் போவதில்லை.