ஆசையைச் சோதிக்கும் நாடகம்

திருக்குறளின் 51ஆம் அதிகாரமான தெரிந்து தெளிதல், அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கின் வழியே ஒருவரை ஆராய்ந்த பின்னரே அவரை நம்பவேண்டும் என்கிறது. அதற்கு உரை வகுத்த பரிமேலழகர், வடநூல்கள் கூறும் உபதையை, அதாவது ஒருவரின் உள்ளத்தை அறிய அவருக்குத் தெரியாமலே நடத்தப்படும் நாடகத்தை, அங்கே விரித்துரைக்கிறார். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் அந்நாடகம் கூச்சமின்றி எழுதப்பட்டுள்ளது: அரண்மனையில் மதிப்புப் பெற்ற துறவுப் பெண் ஒருத்தி, பட்டத்தரசி அவர்மேல் மையல் கொண்டிருப்பதாகவும் சந்திப்புக்கு ஏற்பாடு ஆகிவிட்டதாகவும் ஒவ்வொரு அமைச்சரிடமும் தனித்தனியே சொல்லுவாள், மறுத்தவர் தேறியவர்.

தேறியவர்களுக்கு அந்நூல் பணி ஒதுக்கும் முறைதான் கூர்ந்து நோக்கத்தக்கது. பொருளாசையில் வழுவாதவர் வரி தண்டவும் கருவூலம் காக்கவும், காமத்தில் வழுவாதவர் அரசனின் கேளிக்கையிடங்களைக் காக்கவும் அனுப்பப்பட, நான்கிலும் தேறியவரே மந்திரியாகிறார். நான்கிலும் தவறியவருக்கும் வேலை போவதில்லை; சுரங்கத்துக்கோ யானைக்காட்டுக்கோ அனுப்பப்படுகிறார் (அங்கே திருட ஒன்றுமில்லை என்று எப்படி நம்பினார்களோ!). பணத்துக்கு மசியாதவர் வேறெதற்கும் மசியமாட்டார் என்று கொள்ளாத இப்பிரிவினை, 'நன்னடத்தை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் இன்றைய சான்றிதழ்களைவிட மனிதரை நன்கறிந்தது.

ஆயினும் முன்னோர் வகுத்த இம்முறையைச் சொல்லி முடித்ததும் கௌடில்யரே தடை எழுப்புகிறார். கெடாதவரைக் கெடுப்பது தண்ணீரில் நஞ்சைக் கலப்பது போன்றது என்றும், ஒருமுறை கலைக்கப்பட்ட மனம் தன் போக்கின் எல்லையைத் தொடாமல் திரும்பாது போகலாம் என்றும் அஞ்சும் அவர், அரசனையும் அரசியையும் விடுத்து வெளியாள் ஒருவரை இலக்காக வைக்கச் சொல்வதோடு நின்றுவிடுகிறார். நஞ்சு நஞ்சாகவே இருக்க, பாத்திரம் மட்டும் மாறுகிறது.

இன்றைய லஞ்ச ஒழிப்புத் துறையின் பொறி இதனின்று வேறுபட்டது. ரசாயனம் தடவிய நோட்டை வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால், நோட்டில் பூசிய பினாப்தலின் காரணமாகக் கரைசல் இளஞ்சிவப்பாகிறது. அந்நிறம் பணம் கைப்பட்டதற்கே சான்று. வழக்கமாக நோட்டுக்கு முன்னே ஒரு புகாரும், புகாருக்கு முன்னே அலுவலர் தாமாகவே கேட்ட ஒரு தொகையும் இருக்கின்றன. நீட்டப்பட்டதைக் கேளாமலே ஏற்பதும் சட்டப்படி குற்றமே. எனினும் ஒருவரின் இயல்பை அறிய விரும்புவோருக்கு, எவரும் தூண்டாதபோது அவர் வாய்விட்டுக் கேட்ட அந்தத் தொகை, துறவுப் பெண்ணின் தூதைவிட அதிகம் சொல்லும்.