பழங்கார் வாங்கும் வேளை

சென்ற திங்களில் ஓரிரவு, நம் வீட்டுச் சிறுவன் உணவையும் மறந்து கண்கலங்கி அமர்ந்திருந்தான். 2022-இல் வெளிவந்த ‘கிரான் டூரிஸ்மோ 7’ பந்தய விளையாட்டில் மெக்லாரன் எஃப்1 கார் விற்றுத் தீர்ந்துவிட்டதாம். வெளியீட்டின்போதே அதன் விலை 1 கோடியே 85 லட்சம் கிரெடிட்! மெய்ப்பணம் கொடுத்துக் கிரெடிட் வாங்கித் தரும்படி முதல் நாளே கெஞ்சினான், மறுத்திருந்தோம்.

அன்பர்களே, விசாரித்துத் தெளிந்தோம். அங்குள்ள ‘லெஜண்ட் கார்ஸ்’ கடையில் சரக்கு அடிக்கடி மாறும்; தீர்ந்த கார் பின்னொரு நாள் திரும்பி வரும். விலையோ ஹேகர்ட்டி நிறுவனத்தாரின் மெய்யுலகச் சந்தை மதிப்பை ஒட்டியது. காத்திருக்கையில் ஏறவும் கூடும். ஆதலின் சில்லறைக் கார்களில் கிரெடிட்டைக் கரைக்காது சேர்த்து வைத்து, ‘இருப்பு குறைவு’ என்னும் குறிப்புத் தோன்றுமுன் வாங்குவதே முறை.

சிறுவன் இதுவரை 70 லட்சம் சேர்த்துள்ளான். கடையை நாள்தோறும் எட்டிப் பார்ப்பவர் நாமே.