அஞ்சு டூப்ளிகேட் சாவி

பண்டிகையோ பள்ளி விடுமுறையோ நெருங்கினால் போலீஸ் அறிவிப்பு தவறாமல் வந்துவிடும். வெளியூர் போகிறவர்கள் பக்கத்துக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள், ரோந்து வரும்போது உங்கள் வீட்டையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறோம். பேப்பரையும் பாலையும் நிறுத்தச் சொல்லுங்கள், வாசலில் சேர்ந்து கிடந்தால் அதுவே திருடனுக்குத் தகவல் சொல்லிவிடும். நகையை பீரோவில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். நல்ல அறிவிப்புதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்த வாரம் எனக்கு ரத்தக் கொதிப்பை ஏற்றியது அந்த அறிவிப்பு அல்ல. அதைக் கத்தரித்து எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்ட செயலாளர், கூடவே ஒரு வாலையும் ஒட்டியிருந்தார்: இனி கீரை, பூ, இட்லி மாவு யார் கொண்டுவந்தாலும் வருகிறவர்களைப் பதிவு செய்யும் செயலியில் ஒப்புதல் இல்லாமல் கேட்டுக்குள் விடப்படமாட்டார்கள்.

அந்தச் செயலிக்கும் எனக்கும் உள்ள பகை பழசு. எங்கள் கீரைக்கார அம்மா இங்கே அடுக்குமாடி எழும்புவதற்கு முன்பு, திண்ணை வைத்த ஓட்டு வீடு இருந்த காலத்திலிருந்து வருகிறவர். அவரை நிறுத்தி வைத்து போன் நம்பர் கேட்டிருக்கிறார்கள். "நம்பர் எம் பொண்ணுக்குத்தான் தெரியும், ஒனக்குக் கீரை வேணுமா வேணாமா?" என்றாராம். அவர் வெயிலில் நிற்க, தினம் ஒரு புது முகமாக வரும் டெலிவரி பையன்கள் பச்சை டிக் வாங்கிக்கொண்டு லிஃப்டில் ஏறிப் போகிறார்கள். முப்பது வருஷமாகத் தெரிந்தவர் அந்நியர், இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறவர் நம்பிக்கைக்குரியவர். கேமராவை நான் எதிர்க்கவில்லை, ஏ.கே. விஸ்வநாதன் கமிஷனராக இருந்தபோது 'மூன்றாவது கண்' என்று தெருத்தெருவாகக் கேமரா வைத்ததால் எத்தனையோ சங்கிலிப் பறிப்பு வழக்குகளில் ஆள் பிடிபட்டான். ஆனால் கேமரா கீரைக்கட்டுக்கு ஓடிபி கேட்பதில்லை.

இதை முழுப் பக்கத்துக்கும் நீட்டுவதாகத்தான் இருந்தேன். அதற்குள் அடையாறு காந்தி நகரிலிருந்து தம்பி மகன் போன் பண்ணினான். "பெரியப்பா, நீங்கதான் அம்மாகிட்ட பேசணும். சாவி விஷயம்."

அவன் மனைவி ஜெர்மனிக்காரி. ஸ்டுட்கார்ட் பக்கம். புது வீட்டுக்குக் குடிபோனதும் பையன் செய்த முதல் வேலை, நடைபாதையில் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சாவிக்காரரிடம் போய் வீட்டுச் சாவிக்கு அஞ்சு டூப்ளிகேட் போட்டது. சாவிக்காரர் யார், எந்த வீடு, என்ன ஏது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அரத்தால் நாலு இழுப்பு, ஊதினார், காசை வாங்கினார். கூடப் போயிருந்த அந்தப் பெண்ணுக்கு அங்கேயே முகம் வெளுத்துவிட்டதாம். அவள் ஊர் அடுக்குமாடிகளில் பல இடங்களில் சாவிக்கென்று ஓர் அட்டை உண்டு; அதைக் காட்டினால்தான் இன்னொரு சாவி வெட்டித் தருவார்கள். வாடகைக்கு இருப்பவர் பொதுவாசல் சாவியைத் தொலைத்தால் கட்டடம் முழுவதற்கும் பூட்டு மாற்றும் செலவு அவர் தலையில் விழலாம். அதற்காகவே காப்பீடு எடுத்து வைக்கிறார்கள். கதவுக்கு வெளிப்பக்கம் திருகும் கைப்பிடி கிடையாது, வெறும் குமிழ்தான். குப்பை கொட்டப் போகும்போது காற்றில் கதவு சாத்திக்கொண்டால் வீட்டுக்காரரே வெளியாள். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவள் எதிரே அஞ்சு சாவியையும் பையன் விநியோகித்தான்: அம்மாவுக்கு ஒன்று, மேல்வீட்டு மாமிக்கு ஒன்று, வீட்டு வேலை செய்யும் அக்காவுக்கு ஒன்று, ஆபீஸ் மேசையில் ஒன்று, செருப்பு ஸ்டாண்டில் பழைய ஷூவுக்குள் ஒன்று.

சென்னையில் சாவியை ஒளித்து வைக்கும் இடங்கள் மொத்தமே நாலுதான்: ஷூ, பூந்தொட்டி, மீட்டர் பெட்டி, ஜன்னல் விளிம்பு. இது எல்லாத் திருடர்களுக்கும் தெரியும். ஆகவே ஷூ சாவியை வாபஸ் வாங்கச் சொன்னதில் அவள் பக்கம்தான் நியாயம். வேலை செய்யும் அக்கா சாவியிலும் கொஞ்சம் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். தகராறு முதல் சாவியில். தம்பி பெண்டாட்டி மண்டைவெளியிலிருந்து வத்தக்குழம்பு எடுத்துக்கொண்டு வருவாள். மணி அடிக்க மாட்டாள். மகன் வீட்டில் மணி அடிப்பதா? திறந்து, நேரே சமையலறைக்குப் போய், குழம்பை ஃப்ரிட்ஜில் வைத்து, அங்கே இருந்த சீஸை மோந்து பார்த்துவிட்டு, துவைத்துக் கிடக்கும் துணியையும் மடித்து வைத்துவிட்டுப் போய்விடுவாள். ஒருநாள் மருமகள் குளித்துவிட்டு வெளியே வந்தால் கூடத்தில் ஆள் சத்தம். அலறினாள். மாமியாரும் அலறினாள். மேல்வீட்டு மாமி தன் சாவியோடு ஓடி வந்து கதவைத் திறந்தாள். ஆக, மருமகள் பயந்ததெல்லாம் ஒரே நிமிஷத்தில் கூடத்துக்குள் வந்துவிட்டது.

ஜெர்மனியிலும் பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்து வைப்பது உண்டு என்று அவளே சொன்னாள். ஊருக்குப் போகும்போது செடிக்குத் தண்ணீர் விட. ஆனால் வீட்டில் ஆள் இருக்கும்போது அந்தச் சாவியை யாரும் பயன்படுத்துவதில்லை. நம் ஊரில் நேர்மாறு. ஆள் இருக்கும்போது வருவதற்குத்தான் சாவி. ஆள் இல்லாத வீட்டில் யாருக்கு என்ன வேலை?

சாயங்காலத்தில் இன்னொரு சச்சரவு. அவள் பிறந்த வீட்டில் இருட்டத் தொடங்கியதும் ஜன்னலுக்கு வெளியே சுருட்டி வைத்திருக்கும் பலகைத் திரையைக் கடகடவென்று இறக்கிவிடுவார்கள். வீடு கண்ணை மூடிக்கொள்ளும், உள்ளே நிம்மதி. நம் வீட்டில் விளக்கு வைக்கும் நேரம் அது. கொல்லைக் கதவைச் சாத்தி, வாசல் கதவைத் திறந்து வைத்தால்தான் லட்சுமி உள்ளே வருவாள். காந்தி நகர் இரண்டாம் மாடி ஃப்ளாட்டில் கொல்லை ஏது? தம்பி பெண்டாட்டி யோசித்து, பால்கனியைக் கொல்லையாக நியமித்தாள். அதைச் சாத்திவிட்டு வாசலைத் திறப்பாள். அவள் போனதும் மருமகள் வாசலைச் சாத்திவிட்டுப் பால்கனியைத் திறப்பாள். சங்கிலி பறிப்பவனுக்கும் தோதான வேளை அதுதான் என்று மருமகள் சொன்னபோது என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் கோலத்தின் காவலை அவள் உடனே புரிந்துகொண்டாள். வாசலில் கோலம் இல்லாத வீடு பூட்டிய வீடு என்று நோட்டம் விடுகிறவன் கணக்குப் போடுவான். அவர்கள் ஊருக்குப் போனால் அந்த வேலை செய்யும் அக்கா தினம் வந்து கோலம் போட்டுவிட்டுப் போகிறார். அதற்குச் சாவி தேவையில்லை என்பதையும் மருமகள் கவனமாகச் சுட்டிக்காட்டினாள்.

நகைப் பேச்சு வேறு. ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு லஸ் கார்னரில் தெருவைக் கடக்கிறீர்களே, இதுதான் பாதுகாப்பா என்று கேட்டாள். லாக்கர் இருக்கிறதே என்றான் பையன். அவள் அதையும் படித்து வைத்திருந்தாள். 2022 ஜனவரி முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, தீ விபத்தோ கொள்ளையோ ஊழியர் மோசடியோ நடந்தால் வங்கியின் பொறுப்பு லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல 100 மடங்குதான். வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். இன்றைக்கு விற்கிற விலையில் ஒரு சுமாரான கல்யாண நகையின் ஓரத்துக்குக்கூடக் காணாது. தம்பி பெண்டாட்டி அதற்குப் பிறகு லாக்கரிலிருந்து பாதியை எடுத்து பீரோவில் வைத்துவிட்டாள். பீரோ சாவி, சாமி படத்துக்குப் பின்னால்.

பூட்டு என்று வந்துவிட்டால் திண்டுக்கல்லைச் சொல்லாமல் நகர முடியுமா? மாங்காய் வடிவத்தில் உள்ள என் திண்டுக்கல் பூட்டைப் பற்றி அளவுக்கு மேல் எழுதிவிட்டதாக ஆசிரியர் குழுவில் முணுமுணுப்பு உண்டு. முணுமுணுக்கட்டும். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்த வேளையில் பட்டறைகள் அலிகர் சரக்கோடு மல்லுக்கட்ட முடியாமல் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. கையால் அறுத்து, ராவி, உள்ளே லீவரை ஒவ்வொன்றாக உட்கார வைத்துச் செய்த பூட்டு அது. கோயில் கதவுக்கும் கிடங்குக்கும் போனது. சாவியைத் திருப்பத் திருப்ப மணி அடிக்கும் பூட்டு ஒன்று உண்டு. வீடு முழுக்கக் கேட்கும். எந்தச் செயலி இதைச் செய்கிறது? திருடன் வந்தால் மட்டுமில்லை, மகன் ராத்திரி லேட்டாக வந்தாலும் அடிக்கும், மாமியார் குழம்போடு வந்தாலும் அடிக்கும். பையனிடம் இதைச் சொன்னேன். "பெரியப்பா, கதவுல டிஜிட்டல் லாக் இருக்கு" என்றான். பேட்டரி தீர்ந்தால் வெளியே நிற்கப்போகிற தலைமுறை.

கதவு இவ்வளவு பாடுபடுகிறதே, கல்யாணத்துக்கு முன்னால் இவர்களுடைய முகவரி எங்கே இருந்தது தெரியுமா? பதிவாளர் அலுவலகத்தில். 1954-ம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி மதமோ நாடோ வேறான ஜோடி முன்கூட்டி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பெயர், வயது, தொழில், இருப்பிடம், நிரந்தர முகவரி, அங்கே எவ்வளவு காலமாக இருக்கிறார்கள் என்பது வரை அதில் எழுத வேண்டும். ஆட்சேபம் சொல்ல 30 நாள் அவகாசம். அதற்காக அந்த நோட்டீஸ் யார் கண்ணிலும் படும்படி ஒட்டப்படும். ஊருக்குப் போவதைக்கூட ஃபேஸ்புக்கில் போடாதே என்று ஒரு அரசு இலாகா சொல்ல, இன்னொன்று வீட்டு விலாசத்தைச் சுவரில் ஒட்டுகிறது. இவர்களுக்கு அந்த 30 நாளில் ஜாதகக்காரர் ஒருவர் போன் பண்ணியதோடு சரி. சொந்த வீட்டாரிடமிருந்தே ஒளிய வேண்டிய ஜோடிகளுக்கு அந்தத் தாள் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. 2018-ல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம், சாதி மதம் தாண்டி மணந்தவர்களுக்காக ஒவ்வொரு மாவட்டத்திலும் சிறப்புப் பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும், பாதுகாப்பு இல்லங்கள் அமைப்பதையும் அரசுகள் யோசிக்க வேண்டும் என்றது. அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021-ல் நோட்டீஸை வெளியிடுவதே ஜோடியின் விருப்பம் என்றது. தாளோ இன்னும் பல ஊர்களில் சுவரில் இருக்கிறது. திருடன் வெளியே இருந்துதான் வருவான் என்று நினைத்துப் போட்ட பூட்டெல்லாம் அந்த ஜோடிகளுக்கு எதற்கு?

இப்படிப்பட்ட கல்யாணம் இந்தப் பேட்டைக்குப் புதிதல்ல. காந்தி நகரிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஆற்றின் அதே கரையில் பிரம்மஞான சபைத் தோப்பு. 1920-ல் ருக்மிணி தேவிக்கு 16 வயது; அந்தச் சபையைச் சேர்ந்த, நாற்பதைத் தாண்டிய ஆங்கிலேயர் ஜார்ஜ் அருண்டேலை மணந்தபோது மதராஸ் கொதித்தது. கல்யாணத்தைப் பம்பாயில் நடத்தினார்கள். 16 வயது என்பது இன்றைக்கு நம்மை உறுத்துகிறது; அன்று மதராஸை உறுத்தியது மாப்பிள்ளையின் தோல். பதினாறு வருஷம் கழித்து அதே தம்பதி அடையாறில் தொடங்கிய கலாக்ஷேத்திரத்துக்குப் பெண்ணைச் சேர்க்க, பிற்பாடு இதே ஊர்க்காரர்கள்தான் வரிசையில் நின்றார்கள்.

சாவிக்கு வருகிறேன். தம்பி பெண்டாட்டியிடம் பேசினேன். "அவளுக்குப் பிடிக்கலைன்னா குடுத்துடறேன், எனக்கென்ன" என்று சாவியை மேசையில் வைத்தாள். வைத்த விதத்தில் பையன் பயந்துபோய் அதை மறுபடி அவள் கைப்பையில் போட்டான். கடைசியில் சாவி இருக்கட்டும், மணியும் அடிக்கட்டும் என்று முடிவானது. இப்போது அவள் மணி அடித்துக்கொண்டே சாவியைத் திருப்புகிறாள்.

இதற்கு நடுவில் ஜெர்மனியிலிருந்து சம்பந்தி அம்மா வந்து சேர்ந்தார். தம்பி பெண்டாட்டி முதல் நாளே அவர் கையில் மண்டைவெளி வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டாள். இது உங்கள் வீடு, எப்போது வேண்டுமானாலும் வரலாம். அந்த அம்மா சாவியைப் பாஸ்போர்ட் வைக்கும் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டார். தினமும் பொடிநடையாக வந்தார், கேக் கொண்டுவந்தார், ஒவ்வொரு முறையும் மணி அடித்துவிட்டுத் திறக்கும்வரை வாசலில் நின்றார்.

தம்பி பெண்டாட்டி நேற்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்: "கையில சாவிய வெச்சுண்டு மணி அடிக்கறாளே, அந்த அம்மாவுக்கு நம்ம மேல ஏதாவது கோவமா?"