அசைன்மென்ட் யாருக்காக?

பி.காம். வகுப்பில் அசைன்மென்ட் கொடுத்தவுடன் எழும் முதல் கேள்வி, "எத்தனை பக்கம்?" என்பதுதான். அடுத்தது, "கடைசித் தேதி எப்போது?" எதற்காக எழுதச் சொல்கிறார்கள் என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. பக்கக் கணக்கில் தொடங்குகிற வேலை பக்கக் கணக்கிலேயே முடிந்துவிடுகிறது.

தமிழகத்தின் பல பல்கலைக்கழகங்களில் இன்டர்னல் 25, தேர்வு 75. அந்த 25-லும் ஒரு சிறு பங்குதான் அசைன்மென்ட்டுக்கு. "இதற்குப் போய் இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?" என்று மாணவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. செமஸ்டருக்கு ஐந்தாறு பாடங்கள், மாலையில் கடை வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. தமிழ்வழியில் பள்ளி முடித்து ஆங்கிலவழியில் பி.காம். படிப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம். விஷயம் புரிந்திருக்கும், எழுத ஆங்கிலம் வராது. ஆகவே காப்பியடிப்பவர்கள் எல்லோரும் சோம்பேறிகள் அல்ல. முன்பு சீனியரின் நோட்டைப் பார்த்து எழுதினார்கள், இப்போது சாட்ஜிபிடியைக் கேட்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பது இறுதியாண்டு புராஜெக்ட்டில் தெரியும். "எ ஸ்டடி ஆன் கஸ்டமர் சாட்டிஸ்ஃபேக்‌ஷன்..." என்று தொடங்கி "வித் ஸ்பெஷல் ரெஃபரன்ஸ் டு..." என்று ஊர்ப்பெயரில் முடியும் தலைப்பு. வருடா வருடம் கம்பெனியின் பெயரும் ஊரின் பெயரும் மட்டும் மாறும். நூறு கேள்வித்தாள்கள் ஹாஸ்டலிலேயே நிரம்பிவிடும். கடைசியில் கண்டுபிடிப்பு என்ன? "பதிலளித்தவர்களில் பெரும்பான்மையினர் 18 முதல் 25 வயதுக்குட்பட்டவர்கள்." கேட்டதே வகுப்புத் தோழர்களிடம் என்றால் வேறு என்ன வரும்! அதன்மேல் ஒரு கை-ஸ்கொயர் சோதனையும் உண்டு. கையில் கிடைத்தவர்களிடம் மட்டும் கேட்ட பதிலை வைத்துக்கொண்டு ஒரு நகரமே இப்படித்தான் நினைக்கிறது என்று சொல்ல எந்தச் சோதனையும் உதவாது. கணக்கு சரியாக இருக்கலாம், முடிவுக்கு அர்த்தம் இல்லை.

நல்ல அசைன்மென்ட்டுக்கு முதல் தேவை நல்ல ஆங்கிலம் அல்ல, சிறிய கேள்வி. "ஜிஎஸ்டியின் நன்மை தீமைகள்" என்ற தலைப்பில் புதிதாக எழுத ஒன்றுமே இல்லை. அதற்குப் பதிலாக இப்படி ஒரு கேள்வி எடுத்துக்கொள்ளலாம். ஆண்டு விற்பனை 1.5 கோடி ரூபாய் வரை உள்ள கடைக்காரர் காம்போசிஷன் திட்டத்தில் சேரலாம். சேர்ந்தவர் வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி வசூலிக்கக் கூடாது. டாக்ஸ் இன்வாய்ஸ் தரக் கூடாது, பில் ஆஃப் சப்ளைதான் தர வேண்டும். தான் அந்தத் திட்டத்தில் இருப்பதைக் கடைப் பலகையிலும் எழுதி வைக்க வேண்டும். கல்லூரியைச் சுற்றியுள்ள பத்துக் கடைகளில் இது எப்படி நடக்கிறது? ஒரு வாரம் பில்களைச் சேர்த்து, பலகைகளைப் பார்த்து, கடைக்காரர்களிடம் இரண்டு வார்த்தை பேசினால் நான்கு பக்கம் தானாக வரும். அதை யாரிடமிருந்தும் காப்பியடிக்க முடியாது, ஏனென்றால் அந்தப் பத்துக் கடைகளைப் பற்றி வேறு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

எழுதும்போது மூன்று விஷயங்கள் போதும். கண்டது என்ன, அதிலிருந்து தோன்றுவது என்ன என்பதைத் தனித்தனியே சொல்ல வேண்டும். பிறர் சொன்னதைப் பிறர் பெயரிலேயே சொல்ல வேண்டும். பத்துக் கடைகளை வைத்து ஊருக்கே தீர்ப்பு சொல்லக் கூடாது. ஆங்கிலம் தடுமாறினால் முதலில் தமிழில் யோசித்துக் குறித்துக்கொண்டு, பிறகு சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக எழுதலாம். இரவல் வாங்கிய அழகான ஆங்கிலத்தைவிட அது எவ்வளவோ மேல்.

பிறர் எழுத்தைத் திருடுவதைத் தடுக்க யுஜிசி 2018-ல் விதிமுறைகள் கொண்டுவந்தது. ஒற்றுமை 10 சதவீதத்தைத் தாண்டினால் நடவடிக்கை உண்டு. ஆனால் அது முதுகலை, ஆராய்ச்சிப் பட்டங்களுக்கான ஆய்வேடுகள் போன்றவற்றுக்கு. அசைன்மென்ட், புராஜெக்ட் ரிப்போர்ட் ஆகியவற்றை அந்த விதிமுறைகள் வெளிப்படையாகவே விலக்கியிருக்கின்றன. அதாவது, இளங்கலை மாணவனைப் பிடிக்க அங்கே சட்டம் இல்லை. கல்லூரியும் ஆசிரியரும் மாணவனும் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

ஆசிரியர்கள் பங்கும் இதில் பெரிது. கைடில் விடை உள்ள கேள்வியைக் கொடுத்தால் கைடுதான் திரும்பி வரும். ஒரு வாரம் அலைந்து எழுதியவனுக்கும் ஒரு மணி நேரத்தில் பார்த்து எழுதியவளுக்கும் ஒரே டிக், ஒரே மார்க் என்றால், அடுத்த முறை அவனும் அலைய மாட்டான். வகுப்பின் நல்ல மாணவர்களை இப்படித்தான் இழக்கிறோம். ஐந்து அசைன்மென்ட்டுக்குப் பதில் ஒன்று கொடுத்து, ஓரத்தில் இரண்டு வரி கருத்து எழுதினாலே பெரிய மாற்றம் வரும்.

பட்டம் வாங்கி ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் சேர்கிறவரிடம், "இந்த வருடம் வர வேண்டிய பாக்கி ஏன் கூடியது? அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்" என்பார்கள். மூன்று வருடத்தில் முப்பது அசைன்மென்ட் கொடுத்தவருக்கு அந்த அரைப் பக்கம் எழுத வரவில்லை என்றால், வாங்கிய இன்டர்னல் மார்க்கினால் யாருக்கு என்ன லாபம்?