13 சதவிகிதம் என்றால் சந்தோஷமா, சந்தேகமா?

கனடாவில் ஓய்வுபெற்றவர்களின் பங்குக் கணக்குகளில் சில பெயர்கள் திரும்பத் திரும்பத் தென்படும். நாலைந்து பெரிய வங்கிகள், எண்ணெய்க் குழாய் நடத்தும் ஒரு நிறுவனம், ஒரு மின்சாரக் கம்பெனி, அப்புறம் ‘பெல்’. டெலிபோன் என்றாலே பெல் என்று வளர்ந்த நாடு அது. 1880-ல் தொடங்கிய கம்பெனி. ‘விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் ஏற்ற பங்கு’ என்று அங்கே ஒரு சொல்வழக்கு உண்டு. வாங்கி வைத்துவிட்டு மறந்துவிடலாம், டிவிடெண்ட் தவறாமல் வரும் என்று அர்த்தம். அந்தப் பட்டியலில் பெல்லின் தாய் நிறுவனமான பிசிஇ-க்கு எப்போதும் இடம் இருந்தது.

2025 மே 8 அன்று அந்த நிறுவனம், ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 3.99 டாலராக இருந்த டிவிடெண்டை 1.75 டாலராகக் குறைத்தது. ஆயிரம் பங்கு வைத்திருந்த ஒரு குடும்பத்துக்கு இது என்ன செய்திருக்கும்? ஆண்டுக்கு 3,990 டாலர் வந்த இடத்தில் இனி 1,750 டாலர். மாதக் கணக்கில் பார்த்தால் 332 டாலர் 146 ஆகிவிட்டது. மளிகைக்கும் மருந்துக்கும் அதை நம்பியிருந்தவர்களுக்குச் சின்ன இடி அல்ல.

ஆனால், இந்த இடி சத்தமில்லாமல் விழவில்லை. மூன்று வருடமாக மின்னிக்கொண்டே இருந்தது. அந்த மின்னலைத்தான் பலர் ‘ஆஹா, வெளிச்சம்’ என்று நினைத்தார்கள்.

கணக்கைப் பாருங்கள். 2022 ஏப்ரலில் இந்தப் பங்கின் விலை 70 டாலருக்கு மேல். டிவிடெண்ட் 3.68. அதாவது, போட்ட பணத்துக்கு ஆண்டு வரவு சுமார் 5 சதவிகிதம். 2025 வசந்தகாலத்தில் விலை 30 டாலர் பக்கம் இறங்கியிருந்தது. டிவிடெண்ட் 3.99. வரவு 13 சதவிகிதம்! டிவிடெண்ட் ஏறியதென்னவோ 31 சென்ட்தான். சதவிகிதம் இரண்டரை மடங்கு வீங்கியதற்குக் காரணம் விலை பாதிக்கும் கீழே போனது. ‘இந்த டிவிடெண்ட் நிலைக்காது’ என்று சந்தை தன் பாஷையில் சொல்லிக்கொண்டிருந்தது. புதிதாக வந்தவர்களோ, பேங்க்கில் கிடைக்காத 13 சதவிகிதம் இங்கே கிடைக்கிறதே என்று வாங்கினார்கள்.

கம்பெனிக்குள் என்ன நடந்தது? கண்ணாடி இழை கேபிள் பதிக்க ஏகப்பட்ட பணம் போனது, கடன் பெருகியது. 2022 மார்ச்சில் 0.25 சதவிகிதமாக இருந்த கனடா மத்திய வங்கியின் வட்டி, 2023 ஜூலையில் 5 சதவிகிதம் ஆனது. கடன்காரருக்கு இது எப்படி வலிக்கும் என்று வீட்டுக்கடன் கட்டுகிற யாரைக் கேட்டாலும் தெரியும். போதாக்குறைக்கு செல்போன் கட்டணத்தில் போட்டி. செலவெல்லாம் போக மிஞ்சும் ரொக்கத்தைவிட, கொடுக்கும் டிவிடெண்ட் அதிகமாகிவிட்டது. இருந்தும், 2024 பிப்ரவரியில் டிவிடெண்டை உயர்த்துவதாக அறிவித்தார்கள். அதே நாளில் 4,800 பேரை வேலையைவிட்டு அனுப்புவதாகவும் அறிவித்தார்கள். ஒரு வீட்டில் சமையல்காரரை நிறுத்திவிட்டு, விருந்தாளிக்கு மட்டும் இன்னொரு இனிப்பு சேர்த்துப் பரிமாறினால், அந்த வீட்டு நிலைமையைப் பற்றி நமக்கு ஏதாவது தோன்ற வேண்டாமா?

டிவிடெண்டுக்காகப் பங்கு வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது சதவிகிதத்தை அல்ல. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை. ஆண்டறிக்கையில் ரொக்க வரத்துப் பகுதி என்று ஒன்று இருக்கும். தொழிலில் வந்த ரொக்கம், அதில் கட்டுமானத்துக்கும் கருவிகளுக்கும் போனது, மிச்சம் எவ்வளவு, அதில் டிவிடெண்ட் எவ்வளவு. கழித்தல் தெரிந்தால் போதும். மிச்சத்தைவிட டிவிடெண்ட் பெரிதாக இருந்து, கடனும் வருடா வருடம் ஏறினால், கடன் வாங்கித்தான் பங்குதாரருக்குத் தருகிறார்கள் என்று பொருள்.

கனடாக்காரர்கள் டிவிடெண்டை இவ்வளவு நம்புவதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. பேங்க் ஆஃப் மான்ட்ரியல் 1829-லிருந்து டிவிடெண்ட் கொடுத்து வருகிறது. 2008 நெருக்கடியில் அமெரிக்க வங்கிகள் கொத்துக்கொத்தாக டிவிடெண்டை வெட்டியபோது, கனடாவின் ஆறு பெரிய வங்கிகளில் ஒன்றுகூட வெட்டவில்லை. ஆனால், வங்கிகளின் நல்ல பெயரை எல்லோருக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிடக் கூடாது. மானுலைஃப் இன்ஷூரன்ஸ் 2009-ல் பாதியாக்கியது. சன்கோர் எண்ணெய் நிறுவனம் 2020 மே மாதத்தில் பாதிக்கும் மேல் வெட்டியது. அல்கான்குயின் மின்சார நிறுவனம் 2023 ஜனவரியில் 40 சதவிகிதம். எல்லாமே ‘கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்’ என்று சொல்லப்பட்டவைதான்.

‘தனித்தனிப் பங்கே வேண்டாம், மாதாமாதம் பணம் தரும் ஃபண்ட் போதும்’ என்பவர்களும் உண்டு. பல கம்பெனிகளில் பணம் பிரிந்து கிடப்பது நல்லதுதான். ஆனால், மாதம் வந்து விழும் தொகை முழுவதும் வருமானம் என்று நினைக்க வேண்டாம். சில ஃபண்டுகளில் அதில் ஒரு பகுதி, முதலீட்டாளர் போட்ட முதலே திரும்பி வருவதாக இருக்கும். வரிப் படிவத்தில் அது தனியாகவே குறிக்கப்பட்டிருக்கும். அந்தக் கட்டத்தைப் படிப்பவர்கள் குறைவு.

எந்த ரிஸ்க்கும் வேண்டாம் என்பவர்களுக்கு ஜிஐசி. நம்மூர் ஃபிக்சட் டெபாசிட்தான். கனடா வைப்புநிதிக் காப்புக் கழகத்தில் உறுப்பினராக உள்ள வங்கியென்றால், ஒரு வகைக் கணக்குக்கு 1,00,000 டாலர் வரை காப்பு. 2023-ல் ஓராண்டு ஜிஐசி-க்கே 5 சதவிகிதம் கிடைத்தது. அந்த நேரம் பிசிஇ பங்கின் வரவு 7 சதவிகிதத்தைத் தாண்டியிருந்தது. அந்த இரண்டு சதவிகித ஆசைக்குக் கொடுத்த விலை பெரிது. ஜிஐசி-யிலும் குறை உண்டு. வட்டி இறங்கியபின் 2025-ல் புதுப்பிக்கப் போனவர்களுக்குப் பழைய 5 கிடைக்கவில்லை. அதனால்தான் விவரமானவர்கள் தொகையை ஐந்தாகப் பிரித்து, வருடத்துக்கு ஒன்று முதிர்கிற மாதிரி போடுகிறார்கள்.

இனி வரி. முதியவர்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். வட்டி வருமானத்துக்கு முழு வரி. டிவிடெண்டுக்கு வரிச் சலுகை. இது எல்லோருக்கும் தெரியும். சலுகை கணக்கிடும் முறைதான் தெரியாது. பெரிய கனடா கம்பெனி தரும் 1,000 டாலர் டிவிடெண்டை 38 சதவிகிதம் கூட்டி, 1,380 டாலர் வருமானமாக எழுதி, அதன் பிறகுதான் வரியில் கழிவு தருவார்கள். குறைந்த வருமான முதியோருக்கு அரசு தரும் ஜிஐஎஸ் உதவித்தொகைக்கும் அந்த 1,380 தான் கணக்கு. கையில் வராத 380 டாலருக்காகவும் உதவித்தொகை குறையும்.

இதற்கு வழி டிஎஃப்எஸ்ஏ என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கு. 2009-ல் வந்தது. பெயரில் ‘சேமிப்பு’ இருப்பதால் வெறும் டெபாசிட்டுக்கு என்று பலர் நினைக்கிறார்கள். பங்கும் வைக்கலாம், ஜிஐசி-யும் வைக்கலாம். இதிலிருந்து எடுக்கும் பணம் வருமானக் கணக்கிலேயே வராது, ஜிஐஎஸ் குறையாது. அமெரிக்கப் பங்குகளுக்கு மட்டும் இது தோதல்ல. டிவிடெண்டில் 15 சதவிகிதத்தை அமெரிக்கா பிடித்துக்கொள்ளும். அதே பங்கு ஆர்ஆர்எஸ்பி ஓய்வூதியக் கணக்கில் இருந்தால் அந்தப் பிடித்தம் இல்லை.

மகனோ மகளோ புதிதாகக் கனடா போனவர் என்றால் ஒரு எச்சரிக்கை. 2009-லிருந்து தகுதியுள்ளவர்களுக்கு 2025 வரை மொத்த வரம்பு 1,02,000 டாலர். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, 2022-ல் குடியேறியவர் அவ்வளவையும் போட முடியாது. குடியேறிய ஆண்டிலிருந்துதான் அவருக்குக் கணக்கு: 6,000, 6,500, 7,000, 7,000, ஆக 26,500. கூடுதலாகப் போட்டால், அந்தக் கூடுதல் தொகைக்கு மாதம் 1 சதவிகிதம் அபராதம். மிச்ச வரம்பு எவ்வளவு என்று வருவாய் முகமையின் இணையக் கணக்கில் பார்க்கலாம். ஆனால் ஜனவரியில் பார்த்தால், முந்தைய ஆண்டு போட்ட பணம் அதில் பதிவாகாமல் இருக்கலாம். வங்கி ஸ்டேட்மென்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது.