சுருட்டியே கிடக்கும் தார்ப்பாய்

தார்ப்பாயே இல்லாத டிப்பர் லாரியைத் தமிழகச் சாலைகளில் தேடித்தான் பிடிக்க வேண்டும். அநேகமாக எல்லா வண்டியிலும் ஒன்று இருக்கிறது, கேபினுக்குப் பின்னால் சுருட்டிக் கட்டப்பட்டு. அதற்குப் பின்னே பெட்டியில் எம்-சாண்ட் எனும் செயற்கை மணல் கூம்பாக எழுந்து நிற்கும். பின்னால் வரும் இருசக்கர வாகன ஓட்டி, முந்துவதா ஒதுங்குவதா என்று தடுமாறுவார். கண்ணில் துகள் விழுந்தால் ஒரு கை தானாகக் கண்ணுக்குப் போகும். ஹேண்டில்பாரில் ஒரு கைதான் மிஞ்சும். வளைவில் சிந்திக் கிடக்கும் ஜல்லியில் முன்சக்கரம் ஏறினால், இரண்டு கையும் இருந்தும் பயனில்லை.

உத்தரவுகளுக்குப் பஞ்சமில்லை. டெல்லி காற்று மாசு வழக்கில், கட்டுமானப் பொருள் ஏற்றும் வண்டிகள் மூடப்பட்டிருக்க வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இலேயே சொன்னது. துகள் மாசு வரம்பைத் தாண்டிய நகரங்களில், மூடாத வண்டியில் கட்டுமானப் பொருளையோ கழிவையோ கொண்டுசெல்லக் கூடாது என்று மத்திய அரசின் சுற்றுச்சூழல் விதி 2018 ஜனவரியில் வந்தது. அப்படி வரம்பைத் தாண்டிய நகரங்களுக்காக 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் முதல் பட்டியலிலேயே தூத்துக்குடி இருந்தது. பாயும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. பிறகு ஏன் அது விரிவதில்லை? ஓட்டுநரின் அலட்சியம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால், கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை வேறு இடத்தில் இருக்கிறது.

யூனிட் கணக்கு

மணலும் ஜல்லியும் நம்மிடம் யூனிட்டில் விற்கின்றன. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. எம்-சாண்டில் அது ஏறக்குறைய நாலரை முதல் ஐந்து டன். பத்துச் சக்கர டிப்பரின் மொத்த எடை வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக 2018இல் உயர்த்தப்பட்டது. வண்டியின் காலி எடை 11 டன் என்று வைத்துக்கொண்டால், ஏற்றக்கூடியது 17 டன் சொச்சம். அதாவது, மூன்றரை யூனிட்டை ஒட்டி. 14 கன மீட்டர் பெட்டியில் இது முக்கால் அளவுக்குத்தான் வரும். விளிம்பு வரை நிரப்பினாலே அதிக பாரம்; குவித்து ஏற்றினால் கேட்கவே வேண்டாம்.

குவியலின் மேல் பாய் உட்காராது. நடுவில் கூம்பு தூக்கும். ஓரங்களில் காற்று புகும். வேகம் எடுத்ததும் பாய் படபடத்து, மூடியிருக்கும் துகளையும் கிளப்பிவிடும். இழுத்துக் கட்டினாலோ கூம்பின் சரிவிலிருந்து மணல் விளிம்பைத் தாண்டி வழியும். எனவே, தார்ப்பாய் போடாததும் அதிக பாரமும் இரு வேறு குற்றங்கள் அல்ல. ஒன்றின் அடையாளம்தான் மற்றொன்று. எடைமேடை இல்லாத இடத்திலும், பாய் மட்டமாகப் படிந்திருக்கிறதா என்று பார்த்தாலே குவித்து ஏற்றியிருக்கிறார்களா என்பது தெரிந்துவிடும்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் இதைச் சட்டமாகவே எழுதியிருக்கிறது. பெட்டிச் சுவரைச் சரக்கு தொடும் இடம் விளிம்புக்கு 6 அங்குலம் கீழே இருக்க வேண்டும்; குவியலின் உச்சியும் விளிம்பைத் தாண்டக் கூடாது. அப்படி இருந்தால் ஜல்லி, மணல் வண்டிக்கு மூடியிலிருந்து விலக்கு. இல்லையென்றால் மூடியே ஆக வேண்டும். பாயைவிட முக்கியமானது சரக்கின் மட்டம் என்பதை அங்கே புரிந்துகொண்டிருக்கிறார்கள். நம் எம்-சாண்டுக்கு அந்த விலக்கும் சரிப்படாது. ஆற்று மணல் பெரும்பாலும் ஈரத்தோடு வரும், தூள் குறைவு. பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்டில் 150 மைக்ரானுக்குக் குறைவான துகள் 20 சதவீதம் வரை இருக்கலாம் என்று இந்தியத் தரநிர்ணயமே அனுமதிக்கிறது. ஆற்று மணலிலிருந்து எம்-சாண்டுக்கு மாறிய நாம், ஏற்றிச் செல்லும் முறையை மட்டும் மாற்றவில்லை.

ஏறிக் கட்டுவது யார்?

சுமார் பத்தடி உயரத்தில், கால் வைத்தால் சரியும் குவியலின் மேல் ஏறி நின்று பாயை இழுப்பவர் ஓட்டுநரோ கிளீனரோதான். 20க்கு 12 அடியில் நல்ல கனமான பாய் ஒன்று 13 கிலோ இருக்கும். பருத்தி கேன்வாஸ் என்றால் மழையில் நனைந்து இன்னும் கனக்கும். ஏறிக் கட்டவும் இறக்குமிடத்தில் அவிழ்க்கவும் டிரிப்புக்குக் கால் மணி நேரம் என்று வைத்தால், ஐந்து டிரிப்புக்கு ஒன்றேகால் மணி நேரம். டிரிப் கணக்கில் படி வாங்குபவருக்கு அந்த ஒன்றேகால் மணிக்குக் கூலி கிடையாது. கீழே விழுந்தால் கேட்க ஆளும் கிடையாது. சோதனைச் சாவடிக்கு முன் விரித்து, தாண்டியதும் விட்டுவிடும் பழக்கம் இங்கிருந்துதான் பிறக்கிறது.

சிமென்டும் உலர்ந்த சாம்பலும் பல்கர் எனும் மூடிய டேங்கரில் போகின்றன. அந்தச் சரக்கு சிந்தினால் நஷ்டம் உரிமையாளருக்கு. எம்-சாண்ட் வழியில் பறந்தால் உரிமையாளருக்குப் பெரிய இழப்பில்லை. நஷ்டம் சாலையில் போகிறவர்களின் கண்ணுக்கும் நுரையீரலுக்கும். மூடத் தெரியாமல் இல்லை. மூடாததற்கான விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள்.

எந்தச் சரக்குக்கு எந்தப் பாய்?

மூடி என்றதும் கடையில் கிடைக்கும் மலிவான பாலித்தீன் படுதாவை வாங்கிப் போடுவதே வழக்கம். வெயிலில் அது சில மாதங்களில் நார்நாராகும். பெரிய ஜல்லிக்கு வலைப்பாய் போதும். காற்று ஊடுருவிப் போவதால் படபடக்காது. எம்-சாண்டுக்கும் கிராவலுக்கும் கிரஷர் தூசுக்கும் வலை உதவாது. சதுர மீட்டருக்கு 600 கிராம் அளவிலான, பி.வி.சி. பூசிய பாலியெஸ்டர் துணி வேண்டும். சாலைபோடும் தார்க் கலவை 150 டிகிரி வெப்பத்தை ஒட்டி ஏறுகிறது. அதற்கு முன்பே பாலித்தீன் உருகிவிடும். அங்கே வெப்பம் தாங்கும் கேன்வாஸ்தான் சரி. கலவை சூடு ஆறாமல் வேலையிடம் போய்ச் சேரவும் அது உதவும்.

மூடும் முறை இன்னும் முக்கியம். தரையில் நின்று கைப்பிடியைச் சுழற்றி, பெட்டியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பாயை உருட்டி விரிக்கும் அமைப்பு எளிமையானது. பழுதானால் உள்ளூர்ப் பட்டறையிலேயே சரிசெய்யலாம். பொத்தானை அழுத்தினால் இரு கைகள் பாயை முன்னிருந்து பின்னே இழுக்கும் மோட்டார் அமைப்புக்கு விலை கூடுதல். அயல்நாட்டுச் சாமானை வாங்குவோர் கவனிக்க வேண்டியது ஒன்று: நம் கனரக லாரிகளில் பெரும்பாலும் 24 வோல்ட் மின்சாரம், 12 வோல்ட் மோட்டாரை நேராகக் கோத்தால் கருகிவிடும்.

பொருத்துவதிலும் நுணுக்கம் உண்டு. பாய் பக்கங்களில் ஓரடியாவது தொங்க வேண்டும். முன்விளிம்பில் காற்றுத் தடுப்புத் தகடு இல்லையென்றால் எதிர்க்காற்று பாயின் அடியில் நுழைந்துவிடும். பாயைத் தாங்கும் குறுக்கு வளைவுகள் நிலையாக இருந்தால் ஏற்றும் இயந்திரத்தின் பக்கெட் முதல் வாரத்திலேயே அவற்றை நெளித்துவிடும், மடங்கக்கூடியதாக வேண்டும். பின்கதவில் பாயைக் கட்டவே கூடாது. கொட்டும்போது கதவு திறக்காமல் சரக்கு பின்னால் திரண்டால் வண்டி கவிழும். தூக்கிய பெட்டியோடு மூடியின் கைகளும் உயரும் என்பதால், மின்கம்பிக்கு விட வேண்டிய இடைவெளியும் கூடும். காலியாகத் திரும்பும்போதும் மூட வேண்டும்; பெட்டியின் மூலைகளில் ஒட்டிய தூசு, திரும்பும் வழியெல்லாம் பறக்கும்.

வாசலில் நிறுத்துங்கள்

நடுச்சாலையில் லாரியை மறித்து ஓட்டுநருக்கு அபராதம் எழுதுவதால் இதில் எதுவும் மாறாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவு 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் விதிக்கிறது. காற்று மாசு விதிமீறலுக்கான 190ஆம் பிரிவில் முதல் முறையே 10,000 ரூபாய் வரை போகலாம். இரண்டு பிரிவுகளும் ஓட்டுபவரோடு நிற்கவில்லை. ஓட்டச் செய்பவரையும், ஓட்ட அனுமதிப்பவரையும் சேர்த்தே பேசுகின்றன. ஆனால், சாலையில் கைக்குக் கிடைப்பவர் ஓட்டுநர் மட்டுமே என்பதால் ரசீது அவர் பெயருக்கே போகிறது.

பிடிக்க வேண்டிய இடம் குவாரியின், கிரஷரின் வாசல். நடைச்சீட்டு இல்லாமல் கனிமம் வெளியே வர முடியாது. எடைமேடையில் எடை பார்த்து, பாய் மட்டமாக மூடிய பிறகே நடைச்சீட்டு என்று ஆக்கிவிட்டால், ஆயிரம் வண்டிகளை ஆயிரம் சாலைகளில் துரத்த வேண்டியதில்லை. ஏற்றிவிட்டவரும் வண்டி உரிமையாளரும் பொறுப்புக்குள் வந்துவிடுவார்கள். ஓட்டுநர் குவியலில் ஏறாமல் மூட, வாசலருகே ஒரு மேடை கட்டித் தருவதும் குவாரிக்காரருக்குப் பெரிய செலவல்ல. நாமக்கல் பட்டறைகளில் லாரிக்குப் பாடி கட்டும்போதே உருட்டு மூடியைச் சேர்த்துவிடலாம், தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) வரும்போது பிரேக்கைப் பார்ப்பதுபோல் அதையும் பார்க்கலாம். அரசே மிகப்பெரிய ஜல்லி வாடிக்கையாளர். மூடாமல் வந்த சரக்குக்குப் பணமில்லை என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இவை நடக்கும்வரை காத்திருக்காமல் நாளையே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அனுமதித்த எடைக்கு எம்-சாண்ட் எந்த உயரம் வருமோ, அந்த உயரத்தில் பெட்டியின் உட்சுவரைச் சுற்றி மஞ்சள் கோடு ஒன்றைப் பூசச் சொல்லலாம். ஏற்றுபவருக்கும் ஓட்டுநருக்கும் அது ஒரே மாதிரி தெரியும். சரக்கு அந்தக் கோட்டில் நின்றால், கேபினுக்குப் பின்னால் சுருண்டு கிடக்கும் பாயை விரிக்க யாரும் குவியல் ஏற வேண்டியிருக்காது, குவியலே இருக்காது.